முப்பத்தோராம் வளைவில் நின்ற வண்டி

என் தங்கை மகள் யுஸ்னெலியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைக்கப் போன எங்கள் வீட்டுப் பெண்கள் மீன் வண்டியில் போய் இறங்கினார்கள் என்று ஏரிக்கரை முழுவதும் சொல்கிறார்கள். அது உண்மை. நான் மறுத்ததில்லை. எங்கள் சொந்த வண்டிக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் நின்றது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. வண்டி எதனால் நின்றது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. மற்றவன் நான்.

நான் டத்துக் பண்டாரோ, எங்கள் குலத்தின் தலைவன். அம்மாவின் அண்ணன் இறந்தபோது அந்தப் பட்டம் எனக்கு வந்தது. பட்டத்தோடு என் தங்கை ரோஸ்னியாரின் வீடும் நிலமும் அவளுடைய இரண்டு மகள்களும் என் பொறுப்புக்கு வந்தார்கள். எங்களிடம் வீடு பெண்களுடையது. அதன் மானம் தாய்மாமனுடையது. கட்டிக்கொண்டு வந்த கணவன் எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். அவனுக்குக் காப்பி நல்ல கோப்பையில் வரும். வீட்டு விஷயத்தில் யாரும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ரோஸ்னியாரின் கணவர் அஸ்ரில். பாடாங்கில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் இருபத்தாறு வருடம் இஞ்சின் பிரித்தவர். கல்யாணத்தன்று அவருக்குக் கிடைத்த பட்டம் சுத்தான் மலேலோ. மனைவி வீட்டார் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் ஒருவரைக் கூப்பிட வேண்டும். பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு. நான் முப்பது வருடமாக அவரை அஸ்ரில் என்றேன், நீ என்றேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். வேறொன்றும் காட்டிக்கொள்ள மாட்டார்.

வண்டி எங்கள் வீட்டுடையது. இலவங்கப்பட்டைக்கு நல்ல விலை கிடைத்த வருடம் அம்மா வாங்கியது. இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகள் நான்கு பேரையும் மலைமேலிருந்து அழைத்து வந்தது அந்த வண்டிதான். அஸ்ரிலும் அதில்தான் வந்தார். ஓட்டியவன் நான். யுஸ்னெலியின் கல்யாணம்வரை என்னைத் தவிர அதை யாரும் ஓட்டியதில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் வண்டிக்கடியில் தகரக் குவளையளவு துருவேறிய செந்நீர் தேங்கிக் கிடந்தது. பட்டறைக்கு விடலாம் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டு வண்டி அடுத்தவன் பட்டறையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, ஊர் வந்து பார்த்துவிட்டுப் போவதா? வெண்ணெய்ப்பழ மரத்தடியில் நிறுத்தி, நானே வண்டிக்கடியில் படுத்தேன். கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் போட்டேன். எங்கே சொட்டுகிறதோ அங்கே கறை விழும். அது போதும், இடத்தைக் கண்டுபிடிக்க.

முதல் கறை ரேடியேட்டரின் கீழ்க்குழாய் நுனியில். ரப்பர் வெடித்திருந்தது. இரண்டு விரற்கடை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றி, புதுக் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். இரண்டாவது கறை அதன் அடித்தொட்டியில், ஊசி குத்தியது போல ஒரு துளை. கழற்றி எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் பற்றவைக்கும் கோலைப் பழுக்கவைத்து, ஈயத்தை உருக்கி அடைத்தேன். மேல்குழாய் சற்று உப்பியிருந்தது. அது தாங்கும் என்று விட்டுவிட்டேன். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்ததால் பாயூர் சந்தையில் வேறு மூடி வாங்கினேன். கடைக்காரன், "இது லாரி மூடி டத்துக், அவ்வளவு சீக்கிரம் ஆவிய வெளிய விடாது" என்றான். அதுதான் வேண்டும் என்று வாங்கினேன்.

மறுநாள் காலை அட்டை காய்ந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய், காப்பி குடித்துக்கொண்டிருந்த அஸ்ரிலிடம் காட்டினேன்.

"பாத்தியா? ஒரு சொட்டு இல்ல."

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. "ரேடியேட்டர்ல தண்ணி எவ்வளவு இருக்கு, டத்துக்?"

இரண்டு சிரட்டை குறைந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை.

"குறைஞ்சிருக்கும்," என்றார். "காலையில ஸ்டார்ட் பண்ணீங்களே, வெள்ளப் புகை வந்துச்சு. மூடியத் தொறந்து வெச்சுக்கிட்டு ஓட விடுங்க. குமிழி வந்துச்சுன்னா ஹெட் கேஸ்கட் போயிடுச்சுன்னு அர்த்தம். வெளிய ஒழுகல. உள்ள இஞ்சின் குடிக்குது."

"அடைச்ச எடத்துல காத்து நின்னிருக்கும். அதுதான் குமிழியா வரும்."

"காத்துன்னா அஞ்சு நிமிஷத்துல நின்னுடும். இது நிக்காது. ஹெட்டக் கழட்டணும். ரெண்டு நாள் போதும். நான் பண்ணித் தரேன்."

தின்பண்டம் சுட்டுக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றது. நான் அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "இந்த வீட்டு வண்டில இந்த வீட்டு ஆம்பள கை வைப்பான். விருந்தாளி உக்காந்து காப்பி குடி, அஸ்ரில். ஆறிடப்போவுது."

அவர் குடித்தார். ரோஸ்னியார் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

தனியாக இருக்கும்போது மூடியைத் திறந்து ஓட விட்டேன். குமிழி வந்தது. கால் மணி நேரம் வந்தது. சோறு கொதிக்கிற மாதிரி ஒரே அளவாக வந்தது. மூடிவிட்டேன்.

அன்று மாலை யுஸ்னெலி என்னிடம் வந்தாள். புக்கித்திங்கியில் பள்ளிக்கூட டீச்சர். அதிகம் பேசாதவள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படக் கூடாது."

"கேளு."

"ஒரு வாடகை வண்டி ஏற்பாடு பண்ணிக்கலாமா? இல்லன்னா அப்பா பாக்கட்டுமே. மூணு மணிக்கு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வரணும். நாலு மணிக்கு ஊர் டத்துக்மாரெல்லாம் வந்து உக்காந்திருப்பாங்க."

"உங்க அம்மாவுக்கு மாப்பிள்ள எதுல வந்தாரு?"

"இதுலதான்."

"அப்ப உனக்கும் இதுலதான் வருவாரு."

"வரலன்னா?"

அந்த ஒரு சொல்லுக்காக நான் அவளை மறுநாள் முழுவதும் பார்க்காமல் இருந்தேன். அவள் கேட்டதில் தவறில்லை. எங்களிடம் மாப்பிள்ளை தானாக நடந்து வர மாட்டார். பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டோடு போய், பேசி, அழைத்து வர வேண்டும். அழைக்க வரவில்லையென்றால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். தானாக வந்தால் அவருக்குக் கேவலம். அவர் வீட்டார் கொண்டுவந்து விட்டால் எங்களுக்குக் கேவலம். மணமேடையில் தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறவள் அவள்.

கல்யாணத்தன்று மதியத் தொழுகை முடிந்து வண்டியைச் சுற்றிக் கூட்டம். பானெட்டில் பூ. ஜரிகைத் துணியும் பொன்னும் போட்ட மூன்று பெண்கள், வீட்டுக்கு வந்த வேறு இரண்டு மருமகன்கள். பெண்ணின் தகப்பன் அழைக்கப் போவதில்லை. வீட்டில் விருந்தினரைப் பார்க்க வேண்டும். வழக்கப்படி நானும் போக வேண்டியதில்லை. ஆனால் வண்டியை வேறு யார் ஓட்டுவது?

கடைசியாக ஒருமுறை பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடி முழுவதும் திருகப்பட்டிருக்கவில்லை. அந்த மூடி இரண்டு படியாகத் திரும்பும். முதல் படியில் உட்காரும், இறுகாது. இரண்டாம் படியில்தான் இறுகும். முந்தின நாள் நான் இரண்டாம் படிவரை இறுக்கியிருந்தேன். இப்போது முதல் படியில் நின்றது. பின் சீட்டுக்கடியில் இருபது லிட்டர் தண்ணீர் டின் இரண்டு இருந்தது. அதையும் நான் வைக்கவில்லை.

அஸ்ரில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"யாருடா என் வண்டியத் தொட்டது?" என்றேன்.

அவர் படியிறங்கி வந்தார். மெதுவாகச் சொன்னார். "நான்தான். அப்படியே இருக்கட்டும், டத்துக். இன்னைக்கு மட்டும்."

"அப்படியே இருக்கட்டுமா?" நான் குரலைத் தாழ்த்தவில்லை. "இருபத்தாறு வருஷம் இஞ்சின் பிரிச்சவருக்கு ஒரு மூடியச் சரியா மூடத் தெரியல. பாத்துக்கங்க எல்லாரும்!"

சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. நான் மூடியை இரண்டாம் படிவரை, உள்ளங்கை சிவக்கத் திருகினேன். பிறகு டின்களை இழுத்துக் கீழே வைத்தேன்.

"கல்யாண வண்டில தண்ணி டின்னா? நடுவழியில நிப்போம்னு ஊருக்குச் சொல்லிட்டே போகவா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். டின்களை ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். மாடியில் யுஸ்னெலி பொற்கிரீடம் சூடிக்கொண்டு ஜன்னலருகில் இருந்தாள். அவளும் பார்த்தாள்.

மாப்பிள்ளை ஊர் மாத்துர். ஏரியை விட்டு ஏறினால் நாற்பத்துநான்கு கொண்டையூசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை உண்டு. ஆறு பேரோடு முதல் பத்தை வண்டி நன்றாகவே ஏறியது. என் ஒன்றுவிட்ட அக்கா மஸ்னி முன் சீட்டில், வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் டத்துக் ஆனாலும் அவளுக்குத் தம்பிதான்.

"ஏன்டா தம்பி, அந்தச் சூட்டு முள்ளு ஏன் இவ்வளவு மேல போவுது?"

"ஏத்தம். அப்படித்தான் போவும்."

"உன் கோவம் மாதிரி. ஏறினா எறங்கறதே இல்ல."

பின்னால் சிரித்தார்கள். இருபத்தைந்தாம் வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தி ஆறவிட்டிருக்கலாம். இரண்டு வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது, இரண்டிலும் தெரிந்த முகங்கள். நிறுத்தவில்லை. முப்பத்தொன்றில் திரும்பும்போது இஞ்சினுக்குள் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் வெள்ளை. பூவெல்லாம் வெந்து தொங்கியது.

மேல்குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. தண்ணீர் தார் ரோட்டில் ஆவி பறக்க ஓடியது. தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் கூட எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டன.

இரண்டே கால். பின்னால் வந்த வண்டிகள் நிறைந்திருந்தன. அவர்கள் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். பெண்கள் ரோட்டோரத்தில் ஜரிகைத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஏரி மீனை மேலே கொண்டுபோகிற பிக்கப் ஒன்று நின்றது. பின்னால் நான்கு நீல டிரம். மீன் துள்ளுகிற சத்தம் கேட்டது.

"தண்ணி வேணுமா, டத்துக்?" என்றான் ஓட்டுகிறவன். "டிரம்ல இருக்கு. மீன் ஒண்ணு ரெண்டு வந்தா திருப்பிக் குடுத்துடுங்க."

"தண்ணி எதுல ஊத்துறது? கொழாயே இல்ல," என்றாள் மஸ்னி அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, ஏறுங்கடி. கெண்டையோட கெண்டையா உக்காருங்க. தட்ட மட்டும் கீழ வெக்காதீங்க."

அவள் ஓட்டுகிறவன் பக்கத்தில் தட்டோடு ஏறினாள். மற்றவர்கள் டிரம்களுக்கு நடுவில். நான் வண்டியோடு நின்றேன். அந்தத் தலைப்பாகையோடும் பட்டுச் சட்டையோடும் மீன் டிரம்மைப் பிடித்துக்கொண்டு இன்னொரு டத்துக்கின் வாசலில் போய் இறங்க எனக்கு முடியவில்லை. பெண்களை அனுப்பினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இருபது நிமிடம் கழித்துக் கீழே மோட்டார் சைக்கிள் சத்தம். அஸ்ரில். பின்னால் இருபக்கமும் அந்த இரண்டு டின் கட்டியிருந்தது. தோளில் சுருட்டிய ரப்பர் குழாய். ஐஸ் வாங்கி வருகிறேன் என்று ரோஸ்னியாரிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.

கிழிந்த குழாயைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கத்தியால் புதுக்குழாயை அளந்து வெட்டினார். இஞ்சின் ஆறும்வரை குந்தி உட்கார்ந்திருந்தார். நான்தான் கேட்டேன்.

"மூடிய ஏன் அப்படி வெச்ச?"

"கேஸ்கட் வழியா வெடிக்கிற காத்து ரேடியேட்டருக்குள்ள வருது. மூடி லூசா இருந்தா அந்தக் காத்து வெளிய போயிடும். தண்ணி கொஞ்சம் போகும், அதுக்குத்தான் டின்னு. ரெண்டு எடத்துல நின்னு ஊத்திக்கிட்டே போயிருந்தா மாத்துர் போய்த் திரும்பியிருக்கலாம். இறுக்கினா காத்து எங்க போவும்? குழாயத்தான் கிழிக்கும். அதுவும் லாரி மூடி."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது, டத்துக்?" அவர் என்னைப் பார்க்காமல் கிளாம்ப்பை முறுக்கினார். "நீங்க அத்தன பேர் முன்னாடி பேசிட்டீங்க. நான் பதில் சொன்னா, ரெண்டுல ஒருத்தர் தப்புன்னு ஆகும். நெலி கல்யாணத்தன்னைக்கு அவ மாமன் தப்புன்னு ஊர் சொல்லணுமா? எனக்குத் தெரியலன்னே இருக்கட்டும்னு விட்டேன்."

நான் இந்த வீட்டு மானத்தைக் காக்க வந்தவன். அதற்காகத்தான் எனக்குப் பட்டம். அன்று மதியம் வாசலில் அதைக் காத்தது யார் என்று எனக்கு அங்கே, அந்த வளைவில், தெரிந்தது.

"சுத்தான் மலேலோ," என்றேன். வாய் பழகாததால் குரல் சரியாக வரவில்லை. "அந்த டின்ன நான் பிடிக்கிறேன், குடுங்க."

அவர் கை நின்றது. ரோட்டில் யாரும் இல்லை. குரங்குகள் திரும்பி வந்து சுவரில் உட்கார்ந்திருந்தன.

"இத வீட்டு வாசல்ல சொல்லியிருக்கலாம், டத்துக்," என்றார். டின்னைக் கொடுக்கவில்லை. தானே தூக்கி ஊற்றினார்.

மூடியை முதல் படியில் நிறுத்தியபோது மேலிருந்து ஹார்ன் கேட்டது. மாத்துர்க்காரர்களின் வண்டிகள், மூன்று, கழுவித் துடைத்துப் பளபளவென்று. நடு வண்டியில் மாப்பிள்ளை. எங்கள் பெண்கள் மூன்றாவதில் இருந்தார்கள். அங்கே நடந்ததை மஸ்னி அக்கா பிறகு சொன்னாள். மாப்பிள்ளையின் மாமன் வாசலில் மீன் வண்டியைப் பார்த்தாராம், வெற்றிலையை எடுத்துக்கொண்டாராம். "பொண்ணு வீட்டுக்காரங்க சிரமப்பட்டு வந்திருக்காங்க. மாப்பிள்ளைய நாமளே கொண்டு போய் விட்டுடலாம்" என்றாராம். குரலில் அவ்வளவு அன்பாம். அவள் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வளைவில் வண்டிகள் மெதுவாயின. திறந்த பானெட்டுக்கு முன்னால் பட்டுச் சட்டையோடு நான், கையெல்லாம் கரியாகப் பெண்ணின் தகப்பன். யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. எல்லா முகமும் நேர் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனது. மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார்கள்.

நாங்கள் இறங்கி வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். சடங்குப் பேச்சு முடிந்திருந்தது. எனக்குப் பதிலாகப் பேசியவர் நன்றாகப் பேசினார் என்றார்கள். யுஸ்னெலி மேடையில் இருந்தாள். கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லி, தகப்பனுக்குக் கைகழுவத் தண்ணீர் அனுப்பினாள்.

அடுத்த வாரம் சுத்தான் வெண்ணெய்ப்பழ மரத்தடியில் ஹெட்டைக் கழற்றினார். என்னைக் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கேஸ்கட் தகடு கரிந்து விரலகலம் இல்லாமல் போயிருந்தது. ஒரு தட்டில் வைத்து என் எதிரில் வைத்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் எடுத்துக்கொண்டு போனார். புதுக் கேஸ்கட், புது மேல்குழாய், சரியான மூடி. ஒரு மாலை என்னிடம் சாவியைக் கேட்டு வாங்கி, பாயூர்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு கையாலும் தந்தார்.

அதன்பின் நான் அவரை யார் முன்னாலும் சுத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். ஊருக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. "மீன் வண்டிக்கு அப்புறம் டத்துக்குக்கு நாக்கு சுத்தமாயிடுச்சு" என்று சந்தையில் ஒருவன் சொன்னான்.

எட்டு மாதம் கழித்து, ரோஸ்னியாரின் சின்ன மகள் கல்யாணம். தேதியை எனக்கு வந்து சொன்னார்கள், முறைப்படி, வெற்றிலையோடு. மாப்பிள்ளை அழைக்கப் புக்கித்திங்கியிலிருந்து புதுசாக இரண்டு வாடகை வண்டி. எந்த வண்டி, எந்த நேரம் என்பதை அவள் தகப்பனிடம் கேட்டு முடிவு செய்திருந்தாள். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது தகப்பனைக் கேட்பது எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் நடந்ததில்லை. சுத்தான் எழுந்து வந்து, "டத்துக்கோட சம்மதம் வேணும்" என்றார். என் மானத்தை மறுபடியும் அவர்தான் தூக்கிப் பிடித்தார். சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல?

வண்டி மரத்தடியில் நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன். வெள்ளைப் புகை இல்லை. குமிழி இல்லை. காலையில் குனிந்து அட்டையைப் பார்க்கிறேன். காய்ந்தே இருக்கிறது. மடித்து மறுபடி அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். அதை யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.